துணியில் வடிகட்டிய கஞ்சி

1

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. திதி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு அண்ணன் மகன் பிரபுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஐயரை விசாரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை, பஞ்சமி என்று பதில் போட்டான். நான் அன்றைக்கு லீவு கேட்டேன்.

இங்கே லீவு கேட்பது கம்ப்யூட்டரில். காரணம் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் இறப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். உறவு என்ன என்று கேட்டது. சகோதரன். இறந்த தேதி என்ன என்று கேட்டது. போன வருடத் தேதியைப் போட்டதும் சிவப்பு எழுத்தில், தேதி மிகவும் பழையது என்று வந்தது. இரண்டு தரம் முயன்றேன். பிறகு எங்கள் மேற்பார்வையாளர் கேரனிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண். வருத்தம் தெரிவித்துவிட்டு, இது ஆனிவர்சரி அல்லவா, உன் ஆண்டு விடுப்பிலிருந்து எடுத்துக்கொள் என்றாள். கல்யாண நாளுக்கும் இங்கே அதே சொல்தான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு அந்தச் செவ்வாய்க்கிழமையும் வேலைக்குப் போனேன்.

ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். உங்களில் யார் வீட்டிலாவது வயிற்றில் குழாயோடு ஒருவர் படுத்திருக்கலாம். அவருக்கு வேளைக்கு வேளை ஊற்றுகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

2

என் பெயர் உமா. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கணவர் வேலை கிடைத்து முதலில் வந்தார், நான் பின்னால் வந்தேன். ஊரில் மனையியல் படித்து, போளூரில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தவள். அந்தப் பட்டத்தை இங்கே மதிப்பிட அனுப்பியபோது, நான் படித்த பாடத்திட்டத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றார்கள். கல்லூரிக்கு எழுதினேன். நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. இதற்கிடையில் மகள் காவ்யா பிறந்தாள். அந்தக் கோப்பு இன்னும் பரண் மேல் இருக்கிறது.

மருத்துவமனை வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை கிடைத்தது. தட்டு வைப்பது, அரைமணி கழித்துத் தட்டு எடுப்பது. வந்த புதிதில் ஒரு மூதாட்டி, தட்டை வைத்ததும், "ஐ'ம் ஆல்ரைட், டக்" என்றாள். ஆல்ரைட் என்றால் சரி என்றுதானே பொருள், டக் என்றால் வாத்து, வாத்துக்கறி கேட்கிறாள் போல என்று மெனு அட்டையைத் தேடினேன். அவள் சொன்னது எனக்கு ஒன்றும் வேண்டாம், கண்ணு என்பது. இந்த ஊர்ப்பக்கம் செல்லமாக வாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். அரைமணி கழித்துப் போனபோது தட்டு தொடாமல் இருந்தது. எடுத்துக் கொட்டினேன். மறுநாளும் கொட்டினேன். நான்காம் நாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள்.

தட்டு எடுக்கிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஏழு வருடம் அப்படிப் போனது. பிறகுதான் ஹெலன் வந்தார். நோயாளிகளின் உணவுக்காக இயங்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பை நடத்துகிறவர், ஓய்வுபெற்ற உணவியல் நிபுணர். எங்களை, அதாவது வண்டி தள்ளுகிறவர்களை, கேன்டீனுக்குக் கீழே இருந்த அறையில் உட்காரவைத்தார். ஒரு நோயாளி சாப்பிடவில்லை என்பது முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். டாக்டருக்கா, நர்ஸுக்கா. உங்களுக்குத்தான் என்றார் அவர்.

அவருடைய அமைப்பு செய்வது பெரிய காரியமாகத் தோன்றாது. வார்டில் சேர்ந்த அன்றே நோயாளியை எடை பார்க்க வேண்டும், பிறகு வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தானாகச் சாப்பிட முடியாதவருக்குச் சாப்பாடு சிவப்புத் தட்டில் வரும். சிவப்புத் தட்டைக் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆள் வேண்டும். அது தொடாமல் இருந்தால் நர்ஸிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. குழாய் வழியாக உணவு எடுக்கிறவர்களின் வீட்டாருக்கு வகுப்பும் நடத்துவார்கள். நான் வியாழக்கிழமைகளில் அவர்களோடு தொண்டராகப் போக ஆரம்பித்தேன். அந்த வாத்துக் கிழவியைப் பற்றி அவரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

3

அமைப்பின் கையேடு பல மொழிகளில் உண்டு. ஒரு நாள் வயிற்றுக்குழாயோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி கையில் தமிழ்க் கையேடு. "இதைப் பாருங்கோ பிள்ளை. இவருக்குத் தீவனமாம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாங்கிப் பார்த்தேன். வீட்டில் தீவனம் செலுத்துதல் என்று தலைப்பே போட்டிருந்தார்கள். உள்ளே, தீவனத்தின் வெப்பநிலை, தீவனம் தரும் நேரம். ஏதோ கம்பெனி மொழிபெயர்த்துக் கொடுத்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை.

மாட்டுக்குப் போடுவது என்று ஹெலனிடம் விளக்கினேன். முகம் சிவந்துவிட்டது. அன்றே எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கினார். நீயே எழுது என்றார். எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் வாங்கி முடிக்க இரண்டு மாதம் ஆனது. கஞ்சி பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நம் ஆட்கள் வீட்டில் கஞ்சிதான் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். டின்னில் வரும் உணவை மட்டுமே இங்கே பரிந்துரைக்கலாம், வீட்டுச் சமையலைக் கையேட்டில் போட முடியாது என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். என் பெயர் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் வந்தது.

4

அண்ணன் குமரவேல் என்னைவிட எட்டு வயது பெரியவர். ஆரணியில் ரைஸ் மில் ஒன்றில் பாய்லர் பார்த்தார். அவித்த நெல்லில் ஒன்றை எடுத்து நகத்தால் உரித்து, முன்பல்லால் கடித்து, வேக்காடு சரியா என்று சொல்வார். நிறையச் சாப்பிடுவார், வேகமாகச் சாப்பிடுவார். அவருக்குச் சோறு தொண்டைக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார். கேஸ் டிரபிள் என்று சொல்லிக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினார். பிறகு பன், பிறகு காபி மட்டும். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உணவுக்குழாயில் கட்டி. அறுவை சிகிச்சை செய்ய முடியாது, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம், அதற்கு முன் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தாக வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். பத்தாம் நாள் குழாயோடு ஆரணி கொசப்பாளையம் வீட்டுக்கு வந்தார்.

நான் கையேட்டை வாட்ஸப்பில் அனுப்பினேன். அண்ணி தனலட்சுமி கும்பிடும் கையைப் பதிலாகப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். அண்ணன் ஒவ்வொரு வாரமும் திரையில் சிறுத்துக்கொண்டு வந்தார். வியாதி என்று நினைத்தேன். வாராவாரம் இதையே பார்க்கிறவள், அப்படி நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காவ்யா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அப்போது பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசக் கூச்சம். தப்பில்லாமல் பேசத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "மாமா, சாப்பிட்டீங்களா?" அண்ணன், ஆச்சும்மா, உங்க அத்தை ஊத்திட்டா என்றார். போனை வைத்ததும் அவளைத் திட்டினேன். வாயால் சாப்பிட முடியாதவரிடம் அப்படிக் கேட்கலாமா என்றேன். நீதானே போனில் யாராக இருந்தாலும் இதைக் கேட்கச் சொன்னாய் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலை இருந்தது.

ஏழாவது வாரம்தான் எடை எவ்வளவு என்று கேட்டேன். அண்ணிக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்து எழுதினார்கள், காகிதம் எங்கேயோ இருக்கிறது என்றார். வீட்டில் எடைக்கருவி கிடையாது. அந்த ஞாயிறு பிரபு அவரை வண்டியில் உட்காரவைத்து மில்லுக்கே கூட்டிப்போனான். மூட்டை எடை போடும் மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். நாற்பத்து மூன்றரை என்று சிவப்பு எண் தெரிய ஒரு படம் வந்தது. பக்கத்தில் லோடு தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர், அவர் கீழே விழாமல் இருக்கக் கையை நீட்டியபடி. எடை குறையுதுன்னு மூட்டைய திருப்பி அனுப்பிட்டாங்க என்று அண்ணன் போனில் சிரித்தார்.

பிறகு ஆஸ்பத்திரிக் காகிதமும் கிடைத்தது. அதில் ஐம்பத்திரண்டு. ஏழு வாரத்தில் ஆறில் ஒரு பங்கு உடம்பு போயிருந்தது. எங்கள் அமைப்பின் அட்டவணையில் அதற்குக் கடைசிக் கட்டம், அடர்சிவப்பு. மூன்று வாரம் லீவு போட்டு டிக்கெட் எடுத்தேன்.

5

போன மறுநாள் காலை அண்ணி கஞ்சி காய்ச்சுவதை அடுப்படியில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் கொஞ்சம் கத்திப் பேச வேண்டும்.

கேழ்வரகு மாவும் அரிசிக் குருணையும் சேர்த்துக் குழைய வேகவைத்தார். பால் விட்டார். மிக்ஸியில் ஓட்டினார். டீ வடிகட்டியில் வடிகட்டினார். அதுவரை எல்லாம் சரி. பிறகு ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை நான்காக மடித்துப் பாத்திரத்தின் மேல் கட்டி, அதில் ஊற்றினார். இறங்கவில்லை. வெந்நீர் விட்டார். பிழியாமல், தானாகச் சொட்டட்டும் என்று காத்திருந்தார். சொட்டியதை மறுபடி துணியில் விட்டார். கடைசியில் டம்ளரில் இருந்தது வெளுத்த தண்ணீர். டம்ளரின் அடி தெரிந்தது. துணியில் நின்ற கெட்டியை வழித்து, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த வாளியில் போட்டார்.

எதற்காக இத்தனை முறை என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த முதல் வாரமே குழாய் அடைத்துக்கொண்டதாம். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அண்ணி பயந்து, அவரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறார். மூன்று மணி நேரப் பயணம், ஆஸ்பத்திரியில் வரிசை. ஒரு நர்ஸ் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து முன்னும் பின்னும் இழுத்தார், இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டது. இப்படிக் கட்டியா ஊத்தினா மறுபடியும் ஓட்டை போட வேண்டி வரும் என்று அந்த நர்ஸ் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்பதை யாரும் காட்டவில்லை. நான் அனுப்பிய கையேட்டில் அது இருந்தது. டின் படம் போட்டிருந்ததால், நமக்கு இல்லை என்று அண்ணி மூடிவிட்டார்.

அன்றிலிருந்து துணி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஏழு வாரத்தில் அண்ணி ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, படவேட்டில் சொந்தத் தங்கை பிள்ளைக்குக் காது குத்தலுக்கும் போகவில்லை.

நான் சொன்னேன். "அண்ணி, துணியில நிக்குது பாருங்க, அதுதான் சாப்பாடு. கீழ எறங்கறது தண்ணி."

அண்ணி வாளியைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளு அவுருக்கு நான் தண்ணிதான் ஊத்திகினு இருந்தனா?"

வீட்டாரோடு பேசுவது எப்படி என்று எங்கள் அமைப்பில் ஒரு வகுப்பு உண்டு. முதலில் அவர்கள் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். எதனால் அப்படிச் செய்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல விட வேண்டும். தவறு என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும். அந்த வகுப்பை நானே நான்கு முறை எடுத்திருக்கிறேன்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

அண்ணி சிரிஞ்சைக் கழுவினார். துடைத்தார். என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்தேன். முளைகட்டிய மாவில் காய்ச்சினால் கஞ்சி இளகி ஓடும், சத்தும் குறையாது. துணி வேண்டாம், டீ வடிகட்டி போதும். பால், பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், சர்க்கரை. ஊற்றுவதற்கு முன் முப்பது மில்லி தண்ணீர், ஊற்றிய பின் முப்பது. நோட்டுப் போட்டு எழுதினேன். குமட்டல் இருக்கிறதா, வயிறு உப்புசமா, வெளிக்கு எத்தனை தரம். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஞாயிறுதோறும் மில்லுக்குப் போய் எடை பார்த்தோம். மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறியது. தானாக எழுந்து தெருமுனை வரை நடந்தார். ஹெலனுக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்த்துகள் என்று வந்தது. அண்ணி சமைத்தார், பாத்திரம் கழுவினார், நான் ஊற்றும்போது கதவோரம் நின்றார். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் கேட்டார், நீ போனப்புறம் யார் ஊத்துவாங்க என்று. அண்ணி கதவோரத்திலிருந்து, என்னால முடியாது, வேற ஆள பாத்துக்குங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் சற்று நேரம் குழாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"குடு இப்படி. என் வயிறு, நானே ஊத்திக்கிறேன். எப்படின்னு காட்டு."

ஒரே நாளில் கற்றுக்கொண்டார். பாய்லர் வால்வு திருப்பிய கை. ஒரு கையால் குழாயை மடக்கிப் பிடித்து, மறுகையால் ஊற்றி, இறங்கும் வேகத்தைப் பார்த்து உயர்த்தி இறக்கினார்.

கிளம்பும் அன்று கார் வாசலில் நின்றது. அண்ணன் அழவில்லை. "உங்க அண்ணிய ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலண்ணா."

"அதான் பாத்தேன். ஒண்ணும் சொல்லாமலே போறியே."

அண்ணி உள்ளே இருந்தார். கார்க்காரர் பைபாஸில் டிராபிக் என்று அவசரப்படுத்தினார். வந்துவிட்டேன்.

6

அண்ணன் ஐந்து மாதம் தானே ஊற்றிக்கொண்டார். எடை இறங்கவில்லை. பிறகு வியாதி ஈரலுக்குப் போனது. பசியால் சாகவில்லை, அது நிச்சயம். டாக்டர் காகிதத்தில் இருக்கிறது.

செய்தி வந்தபோது நான் மதியத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பிரபுவின் செய்தியைப் படித்தேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதி இருந்த ஒன்பது கட்டில்களின் தட்டையும் எடுத்து முடித்தேன். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதினேன். பிறகு கேரனிடம் சொன்னேன். உட்கார் என்றாள், தேநீர் கொடுத்தாள். அங்கே மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். போனாலும் முகம் பார்த்திருக்க முடியாது. வீடியோவில் ஆறேழு நிமிடம் பார்த்தேன், பிறகு சிக்னல் போய்விட்டது. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நாளும். தோன்றும் தோன்றும் என்று இருந்து, அதுவே பழகிவிட்டது.

அண்ணி என்னிடம் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. போன் போட்டால் எடுப்பார். நல்லா இருக்கேன், பிரபுகிட்ட குடுக்கறேன் என்பார்.

ஹெலன் கேட்டுக்கொண்டதால் பயிற்சி நாள் ஒன்றில் அண்ணனின் கதையைச் சொன்னேன். மில் எடைமேடை, துணி, முளைகட்டிய மாவு. யாரும் எடை பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமாக. கை தட்டினார்கள். இரண்டு நர்ஸுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட என்று நான் சொன்னதைச் சொல்லவில்லை.

7

திதி அன்று மதிய இடைவேளையில் போன் அடித்தது. அண்ணியின் எண். அவராக என்னைக் கூப்பிடுவது அந்த ஒரு வருடத்தில் முதல் தடவை. ஊரில் சாயங்காலம். படையல் போட்டு, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டால் பின்னால் எத்தனை மில்லி தண்ணீர். முப்பது என்றேன். யாருக்கு என்று கேட்டேன். போளூரில் ஒரு பெண், அவள் வீட்டுக்காரருக்கு இதே மாதிரி குழாய். மில்லில் அண்ணனோடு வேலை பார்த்தவருக்குச் சொந்தம். எப்படி ஊற்றுவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாள், வந்து காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணி பஸ் ஏறிப் போய்விட்டு வந்திருக்கிறார். இரண்டு முறை. முளைகட்டிய மாவு இரண்டு கிலோ அரைத்து எடுத்துப் போயிருக்கிறார். என் கையேட்டையும். அதில் கஞ்சி என்ற வார்த்தையே இல்லையே என்று கேட்டார். ஏன் இல்லை என்று விளக்கினேன். சரி என்றார்.

ஒரு வருடமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "அண்ணி, அன்னிக்கு அடுப்படியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"உள்ளதத்தான சொன்ன" என்றார். இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"கடைசில ஒரு நாளு அவுரே சொன்னாரு உமா. அந்த ஏழு வாரமும் பசி தாங்கலயாம். கண்ணு இருட்டிகினு வருமாம். ஏன்யா சொல்லலன்னு கேட்டேன். நீயே பயந்துகினு ஊத்தற, இதுல நான் வேற சொல்லணுமான்னாரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வாயில சாப்பிடாதவருக்குப் பசி எங்கருந்து வரும்னு நெனச்சிகினேன். ஒரு நாளும் கேக்கல. நீ கேட்டியா?"

நோட்டை நினைத்துப் பார்த்தேன். மூன்று வாரம், ஒரு நாளைக்கு ஆறு வேளை. குமட்டல், உப்புசம், வெளிக்கு எத்தனை தரம், எத்தனை மில்லி, எத்தனை கிலோ. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

"இல்ல அண்ணி. நானும் கேக்கல."

"ம்" என்றார். "அந்தப் பொம்பளகிட்ட மொதல்ல அதத்தான் சொன்னேன். அளவெல்லாம் அப்புறம், ஊத்தறதுக்கு முன்னால பசிக்குதான்னு ஒரு வார்த்த கேளுன்னு." வாசலில் யாரோ வந்து கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை தொண்டுக்குப் போனேன். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் இருந்தார், பெயர் ராய். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச முடியாது. வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார். குழாய் வழியாக டின் உணவு போய்க்கொண்டிருந்தது. எடை பார்த்தேன், இறங்கவில்லை. அளவு சரி. அட்டவணையில் எல்லாம் பச்சை. படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டு எழுந்தேன். பிறகு உட்கார்ந்து, பசிக்கிறதா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பலகையை எடுத்தார். எல்லா நேரமும் என்று எழுதினார். பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்கு ரொம்ப மோசம் என்று கீழே சேர்த்தார்.

படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. அடியில் எழுதி, வார்டு உணவியல் நிபுணரிடம் நேரில் சொன்னேன். அவர் வந்து பேசி, பத்தரை மணிக்கு ஒரு வேளை கூட்டினார். படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்க்கலாமா என்று ஹெலனிடம் கேட்டேன். குழுவில் வைக்க வேண்டும், அடுத்த கூட்டம் எப்போது என்று பார்க்கிறேன் என்றார். கையேட்டிலும் என்றேன். கஞ்சிப் பக்கத்தையும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அவர் பிரபுவிடம் கொடுக்கவில்லை. ராயைப் பற்றிச் சொன்னேன். கேட்டதும், அவர் எழுதியதும், ஒரு வேளை கூட்டியதும். அண்ணி முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"இப்ப அடங்கிச்சாமா அவுருக்கு?"

"தெரியல அண்ணி. வியாழக்கிழமை போவேன். கேட்டுச் சொல்றேன்."